கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டிகள்

எங்கட ஆக்களிடம் "உங்கட பெயர் என்ன?" என்று கேட்டால் ஒரு பெயரோடு கதை முடியாது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று இருக்கும். ஐசியில் அதே பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். பள்ளிக்கூட இடாப்பில் தகப்பனின் முதலெழுத்தோடு ஒன்று, கலியாணத்துக்குப் பிறகு கணவரின் முதலெழுத்தோடு இன்னொன்று. ஊருக்குள் போய் இந்த நான்கில் எதைச் சொல்லி விசாரித்தாலும் ஒருவருக்கும் விளங்காது. "எங்கட ராசாத்தியையோ கேக்கிறியள்?" என்று அவர்களாகவே ஒரு வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் ஒழுங்கையைக் கை காட்டுவார்கள்.

பெயரைப் பற்றி சமூகவியல் படிக்கிறவர்கள் கட்டுரை எழுதலாம், தமிழ் படிக்கிறவர்கள் எழுதலாம். நான் இதைப் பற்றி முதன்முதலாக யோசித்தது ஒரு கடையின் வருமானக் கணக்கை வைத்து.

2024 மே மாதம் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது ஞாபகம் இருக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் இழுபட்டது. கலைப்பீடத்துப் பிள்ளை, கையில் காசில்லை, வீட்டில் சும்மா இருக்கவும் ஏலாது. தெரிந்த ஒரு அக்கா மூலமாக ஒரு கடையில் வேலை கிடைத்தது. வடக்கில் ஒரு சின்ன நகரம். பிறிட்ஜ், வோஷிங் மெஷின், தையல் மெஷின், கட்டில், அலுமாரி எல்லாம் தவணைக்குக் கொடுக்கிற கடை. "கொம்பியூட்டர் தெரியும்தானே, இரண்டு மாதம் லிஸ்ட் ஒன்று அடிச்சுத் தந்தால் காணும்" என்று சொல்லித்தான் எடுத்தார்கள்.

அந்த லிஸ்ட் ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பின்னால் ஒரு கனடாக் கதை இருந்தது. கடை ஐயாவின் மருமகன் ஒருவர் அங்கே ஒரு கம்பனியில் வேலை. அவருடைய வேலையின் பெயர் "ரெவெனியூ ஒப்பரேஷன்ஸ்". ஒரு கம்பனியில் விளம்பரம் செய்கிறவர்கள், விற்கிறவர்கள், விற்ற பிறகு வாடிக்கையாளரைப் பார்க்கிறவர்கள், காசு வாங்கிறவர்கள் எல்லாரும் தனித்தனி லிஸ்ட் வைத்திருப்பார்களாம். ஒரே ஆள் நான்கு இடத்தில் நான்கு விதமாக இருப்பாராம். அதையெல்லாம் ஒன்றாக்கி, காசு எங்கிருந்து வருகிறது, எங்கே ஒழுகுகிறது என்று எல்லாரும் ஒரே கண்ணால் பார்க்கச் செய்வதுதான் அந்த வேலை. விடுமுறைக்கு வந்தபோது கடையைப் பார்த்துவிட்டு, "மாமா, உங்கட டேட்டா சரியில்லை" என்று சொல்லிப்போட்டு ஒரு மென்பொருளையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அதை நிரப்புகிற வேலை எனக்கு.

கடையில் மூன்று கணக்கு இருந்தது. விற்பனைப் பெடியளின் எக்ஸெல் கோப்பு ஒன்று. காசாளர் அக்காவின் பில் மென்பொருள் ஒன்று. மூன்றாவது, வசூலுக்குப் போகிற அண்ணையின் கொப்பி. மோட்டார் சைக்கிளின் சீற்றுக்குக் கீழே வைத்து, மழையில் நனைந்து, ஓரம் சுருண்டுபோன சி.ஆர். கொப்பி.

முதல் கிழமை நான் செய்தது வெறும் எண்ணிக்கை. எக்ஸெலில் இருந்த ஆக்களின் தொகையும் பில் மென்பொருளில் இருந்த ஆக்களின் தொகையும் கிட்டக்கூட வரவில்லை. எக்ஸெலில்தான் கூட. ஐயாவுக்கு அது சந்தோஷம்; வாடிக்கையாளர் பெருகிவிட்டார்கள் என்று நினைத்து அந்தக் கணக்கை வைத்துத்தான் தீபாவளிக்கு எத்தனை பிறிட்ஜ் இறக்குவது என்று தீர்மானிப்பார். உண்மையில் ஆக்கள் பெருகவில்லை. ஒரே ஆள்தான் திரும்பத் திரும்ப வந்திருந்தார்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றே போதும். தர்மலிங்கம் என்ற பெயரை ஒருவர் 'டி.எச்' போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் 'டி' மட்டும் போடுவார். ஞானசேகரம் 'ஜி.என்' இல் தொடங்கும், சிலருக்கு 'என்.ஜே' இல் தொடங்கும். ஜெர்மனியில் சொந்தம் உள்ள வீடு என்றால் யோகராசாவின் 'வை' கூட 'ஜே' ஆகியிருக்கும். மென்பொருளுக்கு இவர்கள் எல்லாரும் வேறு வேறு மனிதர்கள்.

சரி, தமிழிலேயே எழுதினால் பிரச்சினை தீருமா என்று கேட்டால், இல்லை. பழைய கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். யூனிகோடுக்கு மாறிய பிறகும் ஒரு வில்லங்கம் உண்டு. 'கொ' என்ற எழுத்தில் வருகிற ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு தனியே கால் தனியே என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதைவிட மோசம் 'ஸ்ரீ'. அதையும் இரண்டு விதமான குறியீட்டு வரிசையில் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாய்த் தெரிகிற ஸ்ரீகாந்தனைத் தேடினால் சில மென்பொருளில் "அப்படி ஒருவர் இல்லை" என்று வரும். இல்லை என்று வந்தால் பெடியள் என்ன செய்வார்கள்? புதிதாக ஒரு ஸ்ரீகாந்தனைப் பதிவார்கள்.

தொலைபேசி இலக்கத்தின் கதை இன்னும் எளிமை. 077 என்று தொடங்குகிற இலக்கத்தை எக்ஸெலில் அடித்தால் அது அதை ஒரு தொகை என்று நினைத்து முன்னால் உள்ள பூச்சியத்தைத் தின்றுவிடும். வெளிநாட்டில் இருந்து எடுக்கிறவர்களுக்காக 94 போட்டு எழுதினது ஒன்று, நடுவில் இடைவெளி விட்டது ஒன்று. ஒரு இலக்கம், மூன்று தோற்றம். புதிய ஐசியின் 12 இலக்கத்தை அடித்தால் அதையும் தொகையாக எடுத்து, சுருக்கி, நடுவில் 'ஈ' போட்டுக் காட்டும். திகதிகளும் அப்படித்தான். கணினி அமெரிக்க ஒழுங்கில் இருந்தால் 05/06 என்று அடித்த யூன் 5 ஐ மே 6 என்று எடுக்கும். 13/06 ஐ அப்படி எடுக்க முடியாததால் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக ஒரே நிரலில் பாதித் திகதி பிழை, மீதி திகதியே இல்லை. இதை வைத்துத்தான் "யார் எத்தனை நாள் பிந்தியிருக்கிறார்கள்" என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் கணினிப் பிரச்சினை. தெரிந்தால் ஒரு பின்னேரத்தில் திருத்தலாம். நிரலை முதலிலேயே 'எழுத்து' என்று மாற்றிவிட்டு அடித்தால் பூச்சியமும் போகாது, ஐசியும் சுருங்காது. எனக்கு உண்மையில் பிடிபட நேரம் எடுத்தது வேறு விஷயம்.

மருமகனின் மென்பொருளில் சில பெட்டிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போக ஏலாது. மின்னஞ்சல் கட்டாயம். பிறந்த திகதி கட்டாயம். முதற்பெயர், கடைசிப்பெயர் கட்டாயம். சரியான தகவல் வர வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருப்பார்கள். நடந்தது நேர்மாறு. நெல்லு விற்ற காசோடு பிறிட்ஜ் வாங்க வந்த ஐயாவுக்கு மின்னஞ்சல் ஏது? வெளியில் ஓட்டோ நிற்கிறது, உள்ளே பெட்டி விட மாட்டேன் என்கிறது. பெடியள் கடையின் சொந்த மின்னஞ்சலை அடித்தார்கள். பிறந்த திகதிக்கு சனவரி 1. இப்படியாக எங்கட வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் புதுவருடத்தில் பிறந்தவர்கள் ஆனார்கள். சனவரி 1 ஆம் திகதி மென்பொருள் எல்லாருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியதாக அக்கா சொல்லிச் சிரித்தா.

கடைசிப்பெயர் விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. எங்களுக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பனின் பெயரைத்தான் முன்னால் போடுகிறோம். பெட்டி கேட்கிறது என்பதற்காகப் பெடியள் தகப்பனின் பெயரைக் கடைசிப்பெயரில் போட்டார்கள். மென்பொருள் மரியாதைக்காகக் கடைசிப்பெயரைச் சொல்லித்தான் எஸ்.எம்.எஸ். அனுப்பும். தகப்பன் செத்து இரண்டு மாதம் ஆகாத ஒரு பிள்ளையின் போனுக்கு, தகப்பனின் பெயரை விளித்து, "உங்களுக்காகவே விசேட கழிவு" என்று செய்தி போயிருக்கிறது. அந்தப் பிள்ளை கடைக்கு எடுத்துச் சண்டை பிடிக்கவில்லை. "இந்த நம்பரை எடுத்துவிடுங்கோ" என்று மட்டும் சொன்னதாம்.

வெறும் பெட்டி ஒன்று "எனக்குத் தெரியாது" என்று சொல்கிறது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. சிவப்பு நட்சத்திரம் போட்டு நிரப்ப வைத்த பெட்டியோ தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டும். அதற்குப் பிறகு எது மெய்யான சனவரி 1, எது ஓட்டோ நின்றதால் வந்த சனவரி 1 என்று யாராலும் பிரித்தெடுக்க ஏலாது.

இரண்டாவது காரணம் காசு. புது வாடிக்கையாளர் ஒருவரைக் கொண்டுவந்தால் விற்பனைப் பெடியனுக்குத் தனியாக ஒரு சின்னக் கொமிஷன். பழைய வாடிக்கையாளர் திரும்ப வந்தால் அது இல்லை. இதில் பெடியளைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்களின் சம்பளம் எனக்குத் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன் கட்டில் வாங்கிய அம்மா இன்று அலுமாரி வாங்க வந்தால், பழைய பதிவைத் தேடி எடுப்பதால் அவனுக்கு ஒன்றும் இல்லை. முதலெழுத்தை மாற்றிப் புதிதாகப் பதிந்தால் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. எந்தக் கணினி வகுப்பும் இதைத் திருத்தாது. பிழையான தரவுக்குக் கடையே காசு கொடுத்து வந்திருக்கிறது.

இதை ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இரண்டு நாள் யோசனை. கடைசியில் காசாளர் அக்காதான் சொன்னா. "ஐயா, புது ஆளுக்குக் குடுக்கிறதை விட்டுப்போட்டு, ஒழுங்காக் கட்டி முடிக்கிற ஆள் திரும்ப வந்தால் குடுங்கோ. அப்ப பாருங்கோ, பழைய ஆக்களைத் தேடித் தேடி எடுப்பாங்கள்." ஐயா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அப்படியே மாற்றினார்.

மூன்று கணக்கையும் ஒன்றாக்க ஏதாவது ஒரு சாவி வேண்டும். பெயர் சரிவராது, போன் சரிவராது. கடைசியில் ஐசி இலக்கம்தான் கைகொடுத்தது. அது எவ்வளவு விஷயம் தெரிந்த இலக்கம் என்று அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. பழைய ஐசியில் 9 இலக்கமும் ஒரு 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும். முதல் இரண்டும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு, ஆகவே எந்த வருடமானாலும் மார்ச் 1 என்றால் 61. 2016 க்குப் பிறகு வந்த புதிய இலக்கத்தில் எழுத்து இல்லை, வருடம் நான்கு இலக்கத்தில், மொத்தம் 12. பழையதைப் புதியதாக்குவது கஷ்டமில்லை: முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியத்தைச் செருகி, எழுத்தை விட்டுவிட்டால் சரி.

இந்த ஒரு விதியை வைத்து எல்லாவற்றையும் 12 இலக்கமாக மாற்றினேன். ஒரு இடத்தில் பழைய இலக்கம், இன்னொரு இடத்தில் புதிய இலக்கம் என்று பிரிந்து கிடந்த ஆக்கள் பொலபொலவென்று ஒன்றுசேர்ந்தார்கள். நடு மூன்று இலக்கம் 366 க்கும் 501 க்கும் இடையில் வந்தால் அது அடித்த பிழை. பெயர் அம்மாவுடையது, ஆனால் நாள் 500 க்குக் கீழே என்றால்? பிழை என்று நினைத்து அழிக்கப் பார்த்தேன். வசூல் அண்ணை தடுத்தார். "அது பிழையில்லை பிள்ளை. மெஷின் அவவின்ர. கையெழுத்து மனுசன்ர." ஐசி தொலைந்த பெண்களும், கணவரின் பெயரில் கடன் எடுக்கச் சொன்னவர்களும், கணவருக்குத் தெரியாமல் அவரது அட்டைப் பிரதியைக் கொண்டுவந்தவர்களும் அந்த வரிகளுக்குள் இருந்தார்கள்.

அதன் பிறகுதான் அண்ணையின் கொப்பியை வடிவாக வாசிக்கத் தொடங்கினேன். வெளியில் இருந்து பார்த்தால் அந்தக் கடையிலேயே ஆக அழுக்கான தரவு அதுதான். ஒழுங்கான நிரல் இல்லை, பாதிப் பெயர்கள் பட்டப்பெயர். ஆனால் ஒவ்வொரு வரியும் அவர் நேரில் போய்ப் பார்த்து எழுதினது. "வைரவர் கோயிலடி, இரண்டாவது கேற், கிணறு முன்னால." "போன் மகன்ர. மகன் கட்டார் போட்டான்." "முந்தி மயிலிட்டி, இப்ப இஞ்ச." இந்தக் கடைசி வரிக்குப் பெட்டியே கிடையாது. 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, நிரந்தர முகவரி என்று கேட்டால் இன்னும் ஊர் முகவரியைத்தான் சொல்லும். முப்பது வருடம் வேறு இடத்தில் இருந்தாலும் அது தற்காலிகம். கணினி அதைப் பிழையான முகவரி என்று சிவப்பில் காட்டும். அவர்களுக்கு அது பிழையில்லை. பொருளை எங்கே இறக்குவது என்பது ஒரு கேள்வி, நீங்கள் எந்த இடம் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டதுதான் பிழை.

2022 நெருக்கடி நேரத்து வரிகளும் அதில் இருந்தன. சாமான் விலை ஏறி, எரிபொருள் வரிசையில் சனம் நின்று, தொழில் இல்லாமல் போன மாதங்களில் பலர் தவணை கட்டவில்லை. "பாதி கட்டட்டாம், ஐயா சொன்னவர்", "பொங்கலுக்குப் பிறகு" என்றெல்லாம் எழுதியிருந்தார். ஐயாவே வாயால் கொடுத்த தவணை நீடிப்பு. பில் மென்பொருளுக்கு அது தெரியாது. அங்கே அவர்கள் வெறும் நிலுவைக்காரர்.

அந்த வித்தியாசம் ஒரு மனிசிக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

யூன் நடுப்பகுதியில் அண்ணைக்குக் காய்ச்சல். புதுப் பெடியன் ஒருவனைப் பழைய மென்பொருளில் இருந்து எடுத்த நிலுவை லிஸ்டோடு அனுப்பினார்கள். அந்த ஊரில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உள்ள இரண்டு அம்மாமார். ஒருவர் வோஷிங் மெஷினுக்கு ஏழு மாதம் கட்டவில்லை. மற்றவர் தையல் மெஷினைக் கட்டி முடித்து ஒரு வருடம். லிஸ்டில் கிணறும் இல்லை, கேற்றும் இல்லை, பெயரும் ஒழுங்கையும்தான். பெடியன் விசாரித்துக்கொண்டு போய் நின்றது தையல்கார அம்மாவின் வீட்டு வாசலில். பள்ளிக்கூடச் சட்டை தைக்கக் கொடுத்த இரண்டு பேர் அங்கே இருந்திருக்கிறார்கள். ஏழு மாத நிலுவை என்று உரத்துத்தான் சொன்னானாம்.

அடுத்த நாள் காலை கடை திறக்கும்போதே அவ வாசலில். கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் பதினெட்டு மாதத்துப் பற்றுச்சீட்டும், மாதவாரியாக அடுக்கி, நூலால் கட்டி. ஐயா எழும்பி வந்து மன்னிப்புக் கேட்டார், தேத்தண்ணி எடுப்பித்தார். அவ குடிக்கவில்லை. நான் கணினியில் தேடி, "ஓம் அன்ரி, நீங்கள் முழுக்கக் கட்டி முடிச்சிட்டியள், இஞ்ச இருக்கு" என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"நான் கட்டினது எனக்குத் தெரியும் பிள்ளை. இப்ப உங்களுக்கும் தெரியும். நேற்று என்ர வாசல்ல நிண்டவைக்கு ஆர் சொல்றது?"

அதற்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. அண்ணை காய்ச்சல் மாறி எழும்பியதும் முதல் வேலையாக அந்த ஒழுங்கைக்குப் போனார். அவவின் வீட்டு வாசலில் நின்று, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, கடைதான் பிழை விட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். கடையில் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

தரவுப் பிழையால் கம்பனிகளுக்கு நட்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது சரிதான். கட்டாதவரின் போன் இலக்கம் பிழை என்றால் காசு வராது. ஒரே ஆளை இரண்டு தரம் எண்ணினால் தேவைக்கு மேல் சாமான் இறக்கி அது கடையில் தூங்கும். ஆனால் இந்த மாதிரிக் கடை எதை நம்பி ஓடுகிறது என்று யோசித்தால், ஒழுங்காகக் கட்டி முடித்து அடுத்த சாமானுக்குத் திரும்ப வருகிற ஆட்களை நம்பித்தான். பிழையான லிஸ்ட் அவமானப்படுத்தியது அப்படிப்பட்ட ஒருவரைத்தான். அவ திரும்ப அந்தக் கடைப் படி ஏறமாட்டா. அந்த நட்டம் எந்த அறிக்கையிலும் வராது.

இது ஒரு சின்னக் கடை, பற்றுச்சீட்டோடு வந்து கேட்க முடிந்தது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தங்களிடம் கடன் எடுத்தவர்களின் விபரத்தை கொடுகடன் தகவல் பணியகத்துக்கு அனுப்புகின்றன. சனம் 'கிரிப்' என்று சொல்வது அதைத்தான். 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அங்கே ஒரு பிழை போய்ச் சேர்ந்தால், நீங்கள் பார்த்தேயிராத ஒரு மேசையில் உங்கள் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு எடுத்துப் பார்க்கலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். இது எங்கட அம்மாமாரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலை முடிகிற காலத்தில் நாங்கள் செய்த மாற்றங்கள் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. முதற்பெயர், கடைசிப்பெயர் இரண்டையும் எடுத்துவிட்டு, ஐசியில் உள்ளபடி முழுப்பெயர் என்று ஒரே பெட்டி. "ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள்" என்று இன்னொரு பெட்டி. முகவரிக்குக் கீழே "வீட்டுக்குப் போகிற வழி". போன் இலக்கத்துக்குப் பக்கத்தில் "யாருடைய போன்". மின்னஞ்சலும் பிறந்த திகதியும் கட்டாயமில்லை. பிறந்த திகதி வேண்டுமென்றால் ஐசியே சொல்லும். "தெரியாது" என்று ஒரு தெரிவு. ஒரே ஆள் என்று சந்தேகப்பட்ட பதிவுகளைக் கணினி தானாகச் சேர்க்காது. யாராவது ஒருவர் பற்றுச்சீட்டைப் பார்த்தோ போன் எடுத்தோ உறுதிப்படுத்திய பிறகுதான் சேர்க்கலாம், பழைய பதிவும் அழியாமல் இருக்கும். ஐயா வாயால் தவணை நீடித்தால் அன்றைக்கே அது பதியப்பட வேண்டும். வசூல் லிஸ்ட் ஒவ்வொரு கிழமையும் வெளியே போகுமுன் அண்ணை ஒருக்கா வாசிக்க வேண்டும்.

மருமகனுக்கு இதில் ஒன்றுதான் பிடிக்கவில்லை. வீடியோ கோலில் கொப்பியைக் காட்டியபோது அவருக்குச் சரியான புளுகம். "இதெல்லாம் தங்கம், ஒன்றும் விடாமல் ஏற்றுங்கோ" என்றார். கொப்பியில் வேறு சில வரிகளும் இருந்தன. மனுசன் விட்டுப்போட்டுப் போன வீடு எது, யார் குடிக்கிறவர், எந்த வீட்டில் இரவில் பெண்பிள்ளைகள் தனிய, யாருக்கு வெளிநாட்டுக் காசு எத்தனையாம் திகதி வரும். அண்ணை அதை எழுதியது ஒருவருக்கும் கரைச்சல் கொடுக்காமல், போகக்கூடாத நேரத்தில் போகாமல் இருக்க. அவருடைய கையில் அது ஒரு மனிதரின் பக்குவம். லிஸ்டில் ஏறி, அவரைத் தெரியாத இன்னொரு பெடியனின் போனுக்குள் போனால் அது வேறு சாமான்.

நான் ஏற்ற மாட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, சம்பளம் இன்னும் வாங்கவில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி வாசித்திருந்தேன். ஒரு நோக்கத்துக்காக எடுக்கிற தகவல் அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவோடு நிற்க வேண்டும், தன்னைப் பற்றிய பிழையைத் திருத்தக் கேட்க ஒருவருக்கு உரிமை உண்டு என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதன் பிரதான பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போனது வேறு கதை. நான் சட்டத்தைச் சொன்னேன். ஐயா அண்ணையைப் பார்த்தார். அண்ணை கொப்பியை எடுத்துத் திரும்ப மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துவிட்டு, "வழியும் போனும் காணும்" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி எனக்குள் முடியவில்லை. நான் செய்து கொடுத்த லிஸ்ட் நல்லது. அதில் பிழையான வீட்டுக்குப் போக மாட்டார்கள். சரியான வீட்டுக்குப் போவார்கள். ஏழு மாதம் கட்டாத அந்த மற்ற அம்மாவின் வாசலுக்கு இப்போது நேராகவே போக முடியும், வழி எழுதியிருக்கிறது. அவ ஏன் கட்டவில்லை என்பதற்கு இன்னும் பெட்டி இல்லை. தரவைச் சரியாக்குவது நீதியின் ஒரு பாதிதான். அது பிழையான ஆளைத் தப்ப வைக்கும். சரியான ஆளோடு எப்படி நடந்துகொள்வது என்று அது சொல்லாது.

வாசிக்கிற உங்களில் பலர் படிப்பு முடிந்தோ முடியாமலோ ஏதோ ஒரு மேசையில் பெயர் அடிக்கிற வேலைக்குத்தான் முதலில் போகப்போகிறீர்கள். வங்கி, நிதிக் கம்பனி, பிரதேச செயலகம், தனியார் வைத்தியசாலை, என்.ஜி.ஓ. "சும்மா டேட்டா என்ட்ரி" என்று எங்களை நாங்களே குறைவாகச் சொல்வோம். முன்னால் நிற்கிற ஆள் ஒரு கேள்விக்குத் தயங்கினால், அந்தப் பெட்டியை எதையாவது போட்டு நிரப்பிவிட்டு அனுப்ப வேண்டாம். ஒருக்கா நிமிர்ந்து பார்த்து, "உங்கட ஐசியில எப்பிடி இருக்கு? ஊரில உங்களை எப்பிடிக் கூப்பிடுவினம்?" என்று கேளுங்கள். ஒரு நிமிடம் கூட எடுக்காது.